நான்கு கிரேயில் நின்ற சிகிச்சை: அரிய ரத்தப் புற்றுநோயில் மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

நோயாளி 68 வயது ஆண். காவிரிப் படுகையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். மண்ணீரல் வீக்கத்தோடு வந்த இவருக்கு பி-செல் புரோலிம்ஃபோசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உறுதியானது. லுக்கேமியாக்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே காணப்படும் வகை இது. ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட் இன வெள்ளணுக்களில் 55 சதவீதத்துக்கு மேல் புரோலிம்ஃபோசைட் என்ற பெரிய செல்லாக இருக்க வேண்டும் என்பது இதன் வரையறை. நெறிக்கட்டிகள் பெரும்பாலும் வீங்குவதில்லை. மண்ணீரல் மட்டும் வயிற்றை அடைத்துக்கொண்டு வளரும்.

இந்தப் பெயரை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு 2022-இல் கைவிட்டது. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை, மண்ணீரலில் தொடங்கும் பி-செல் நோய்களின் கீழ் வேறு பெயரில் சேர்த்துவிட்டது. அதே ஆண்டு வந்த சர்வதேசக் கருத்தொருமிப்பு வகைப்பாடு பழைய பெயரையே வைத்திருக்கிறது. அதனால் ஒரே நோயாளிக்கு இரண்டு ஆய்வுக்கூட அறிக்கைகளில் இரண்டு பெயர் வரலாம். பெயர் எதுவானாலும் இதைப் போலவே தோன்றும் இன்னொரு பி-செல் புற்றுநோயான, ரத்தத்தில் பரவிய மேன்டில் செல் லிம்ஃபோமா இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். இவருக்கு அதன் அடையாளமான சைக்ளின் டி1 புரதம் இல்லை, 11-க்கும் 14-க்கும் இடையிலான குரோமோசோம் இடமாற்றமும் இல்லை. செல்லின் வகையைக் காட்டும் மேற்பரப்பு அடையாளங்களில் சிடி5, சிடி23, சிடி103 மூன்றும் எதிர்மறை. சிடி20-உம் எஃப்எம்சி7-உம் பளிச்சென்று நேர்மறை. 17-ஆம் குரோமோசோமின் குட்டைக்கை இழப்பு 60 சதவீத செல்களில் இருந்தது. சிகிச்சையை மிகவும் கடினமாக்குவது இந்தக் குறைபாடுதான்.

பென்டமுஸ்டின், ரிட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் சேர்த்து நான்கு சுற்று கொடுக்கப்பட்டது. பதினோரு மாதம் நன்றாக இருந்தார். பிறகு நோய் திரும்பியது.

நோய் திரும்பியபோது கண்டது

எடை 58 கிலோவிலிருந்து 47-க்கு இறங்கியிருந்தது. இடப்பக்கம் படுக்க முடியவில்லை, குனிய முடியவில்லை. "ரெண்டு இட்லி உள்ள போறதுக்குள்ள போதும்னு தட்டைத் தள்ளிடுறாரு டாக்டர்" என்றார் மகன். அந்த வார்த்தை கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதப்பட்டது. பின்னால் சிகிச்சையின் பலனை அளக்க அது நன்றாகப் பயன்பட்டது.

மண்ணீரலின் நுனி, இட விலா எலும்பு விளிம்புக்குக் கீழே 19 செ.மீ. வரை கைக்குத் தட்டுப்பட்டது. தொப்புளைத் தாண்டி வலப்பக்கம் போயிருந்தது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணுக்கள் 1,84,000, தட்டணுக்கள் 41,000. ஹீமோகுளோபின் 7.9 கிராம். ரத்தப் பூச்சில் நூற்றுக்கு 78 செல்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன: பெரிய செல், வட்டமான கரு, அதன் நடுவே குத்திவைத்த பொட்டு மாதிரி ஒற்றை நியூக்ளியோலஸ் (கருவுக்குள் உள்ள சிறு உருண்டை). யூரிக் அமிலம் 9.2, சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியேட்டினின் 1.7. இதயத்தின் வெளித்தள்ளும் திறன் 35 சதவீதம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் இருந்தது. தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போனபோதே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை நிறுத்தப்பட்டிருந்தது.

எலும்பு மஜ்ஜையில் பாதிக்குச் சற்று மேல் நோய் செல்கள். தட்டணுக்களை உண்டாக்கும் மெகாகேரியோசைட்டுகள் ஓரளவு மிஞ்சியிருந்தன. கதிர்வீச்சைப் பற்றி யோசிக்கத் துணிவு தந்தது மஜ்ஜை அறிக்கையின் இந்த ஒரு வரிதான். இயல்பான மண்ணீரல் உடலின் தட்டணுக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்திருக்கும். மிகப் பெரிதாக வீங்கிய மண்ணீரல் 90 சதவீதம் வரை பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே 41,000 என்ற எண்ணுக்குப் பின்னால் இரண்டு காரணம் இருக்கலாம். மண்ணீரல் பிடித்துவைத்திருந்தால், அது சுருங்கும்போது எண்ணிக்கை ஏறும். மஜ்ஜையால் உண்டாக்கவே முடியாவிட்டால் கதிர்வீச்சு நிலைமையை இன்னும் மோசமாக்கும். இவரிடம் இரண்டும் கலந்திருந்தன.

ஏன் கதிர்வீச்சு

இந்த நோய்க்குக் கொடுக்கும் இப்ருட்டினிப் மாத்திரை இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கூட்டும். இவரிடம் இரண்டு ஆபத்தும் ஏற்கெனவே இருந்தன. அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை மாத்திரை இதயத்துக்குச் சற்று இணக்கமானது. ஆனால் மாதாமாதம் தொடர்ந்து வாங்கக் குடும்பத்தால் இயலாது. ஃப்ளுடாராபின் என்ற புற்றுநோய் மருந்தை இந்தச் சிறுநீரகத்தோடு கொடுக்க முடியாது. மண்ணீரலை எடுத்துவிட அறுவைச் சிகிச்சைக் குழு சம்மதிக்கவில்லை. 35 சதவீத இதயமும் 41,000 தட்டணுக்களும் உள்ளவரை மேசையில் கிடத்த முடியாது என்ற அவர்கள் முடிவு சரியானது.

மண்ணீரலுக்குக் கதிர்வீச்சு கொடுப்பது புதிய யோசனை இல்லை. லுக்கேமியா நோயாளிக்கு எக்ஸ் கதிர் கொடுத்துப் பலன் கண்டதை 1903-இலேயே சிகாகோவின் அறுவை மருத்துவர் நிக்கோலஸ் சென் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு அரை நூற்றாண்டு நாள்பட்ட மையலாய்டு லுக்கேமியாவுக்கு இதுவே முக்கிய வைத்தியம். 1953-இல் பிரிட்டிஷ் ரத்தநோய் மருத்துவர் டேவிட் கால்டன் புசல்ஃபான் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். 1968-இல் பிரிட்டனில் வெளியான ஒப்பீட்டுச் சோதனை புசல்ஃபானே மேல் என்று காட்ட, கதிர்வீச்சு பின்னுக்குப் போனது. புரோலிம்ஃபோசைட்டிக் லுக்கேமியாவைத் தனி நோயாக 1974-இல் விவரித்தவரும் அதே கால்டன்தான். கதிர்வீச்சை ஒதுக்கிவைத்த மருந்தைத் தந்தவர் அடையாளம் காட்டிய நோய்க்கே அது இன்றும் தேவைப்படுகிறது.

சிகிச்சையின் நோக்கம் நோயை ஒழிப்பது அல்ல, வயிற்றின் பாரத்தைக் குறைத்து முடிந்தால் தட்டணுக்களை ஏற்றுவது. இது நோயாளியிடமும் மனைவியிடமும் மகனிடமும் ஒரே அமர்வில் சொல்லப்பட்டது. "வயிறு கொஞ்சம் எறங்குனா போதுங்க, கொடிக்காலுக்கு ஒரு நடை போய்ட்டு வந்துருவேன்" என்றார் நோயாளி.

திட்டமிடல்

மல்லாந்து படுக்கவைத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, 5 மி.மீ. இடைவெளியில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்ணீரலின் நீளம் 27 செ.மீ. மூச்சு முழுதாக உள்ளே, முழுதாக வெளியே என இரண்டு நிலைகளிலும் எடுத்ததில் மேல்விளிம்பு 1.6 செ.மீ. நகர்ந்தது. அதனால் மேலும் கீழும் 2 செ.மீ., பக்கவாட்டில் 1 செ.மீ. கூடுதல் இடம் விடப்பட்டது. முன்னும் பின்னும் எதிரெதிராக இரண்டு கதிர்ப்புலங்கள், 6 மெகாவோல்ட். இவ்வளவு குறைந்த மொத்த அளவுக்குச் சிக்கலான திட்டம் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் மல்லாந்து கிடக்க முடியாதவருக்குச் சீக்கிரம் முடிவதே நல்லது.

இட சிறுநீரகத்தின் பெரும்பகுதி புலத்துக்குள் விழுந்தது. முழு அளவு கொடுத்தாலும் அதன் சராசரி, தாங்கும் எல்லையான 18 கிரேக்கு (கிரே என்பது திசு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) வெகு கீழேதான் இருக்கும். இருந்தாலும் கிரியேட்டினின் 1.7 உள்ளவர் என்பதால் சிறுநீரகம் வாங்கிய அளவு தனியாகக் குறித்துவைக்கப்பட்டது.

0.25 கிரேயை இரண்டு புலங்களுக்குப் பகிர்ந்தால் ஒரு பக்கத்துக்கு சுமார் 14 மானிட்டர் யூனிட்தான் (இயந்திரம் கதிரை அளந்து விடும் அலகு) வரும். இத்தனை குறைந்த யூனிட்டில் சில இயந்திரங்கள் தொடங்கும் கணத்தில் பிசகும். இயற்பியலாளர் கதிரை அளக்கும் அயனி அறை வைத்து 10 யூனிட்டில் அளந்து பார்த்துவிட்டே அனுமதி தந்தார். வழக்கமாக 2 கிரே கொடுக்கும் பிரிவில் யாரும் சோதிக்காத விஷயம் இது.

அளவுத் திட்டம்: திங்கள், புதன், வெள்ளி. முதல் இரண்டு தவணை 0.25 கிரே. பிறகு 0.5. உச்ச வரம்பு 6 கிரே. இந்த 6 எட்டியே தீர வேண்டிய இலக்கு அல்ல, தாண்டக் கூடாத கோடு. ஒவ்வொரு தவணைக்கும் முன் அன்றைய ரத்த எண்ணிக்கை பார்க்கப்படும். தட்டணுக்கள் 30,000-க்குக் கீழே போனாலோ கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோஃபில் 1,000-க்குக் கீழே போனாலோ தவணை இல்லை. இந்த விதி சிகிச்சைத் தாளின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டது.

கை நகத்தளவு கதிருக்கு ஏன் இத்தனை கவனம் என்று கேட்கலாம். மண்ணீரல் ஒரு வடிகட்டி. ரத்தம் முழுவதும் திரும்பத் திரும்ப அதன் வழியாகப் போகிறது, கதிர் பாயும் நேரத்திலும் போகிறது. லிம்ஃபோசைட்டுகள் மிகச் சிறிய அளவிலேயே மடிபவை. புலம் வயிற்றின் இடப்பக்கத்தில் இருந்தாலும் விளைவு உடல் முழுவதும் தெரியும்.

செல்கள் மொத்தமாக உடைந்தால் வரும் சிக்கலுக்காக (கட்டி சிதைவு), யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் 100 மி.கி. தொடங்கப்பட்டது. சிறுநீரகம் சரியாக இருந்தால் 300 கொடுத்திருக்கலாம். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இல்லை என்று உறுதிசெய்தபின், அதே நோக்கத்துக்காக ராஸ்புரிகேஸ் 3 மி.கி. ஒரே ஒரு முறை செலுத்தப்பட்டது. மற்றவர்களுக்குப் போல லிட்டர் கணக்கில் சலைன் ஏற்ற இந்த இதயம் இடம் தராது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரோடு நிறுத்தி, காலையும் மாலையும் எடை பார்த்து, வீக்கம் வந்தால் சிறுநீரைக் கூட்டும் ஃப்ருசமைடு என்று முடிவானது. இரைப்பை புலத்துக்குள் இருப்பதால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மணி நேரம் முன்பு, வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான் 8 மி.கி.

மூன்றாம் நாள்: பொட்டாசியம் 7.2

இரண்டாவது தவணை நாளன்று காலை பொட்டாசியம் 7.2 என்று ஆய்வுக்கூடம் தொலைபேசியில் சொன்னது. கட்டி சிதைவு தொடங்கிவிட்டது என்று வார்டில் எல்லோரும் நினைத்தார்கள். பொட்டாசியத்தை இறக்கும் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் மேசைக்கு வந்துவிட்டன.

பணியிலிருந்த மருத்துவர் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பொட்டாசியம் ஏறினால் வரும் மாற்றங்கள் இல்லை: டி அலைகள் உயரவில்லை, கியூ.ஆர்.எஸ். அகலவில்லை. பாஸ்பரஸும் கால்சியமும் முந்தைய நாள் போலவே இருந்தன. யூரிக் அமிலம் குறைந்திருந்தது. உண்மையான சிதைவில் பொட்டாசியம் மட்டும் தனியாக ஏறாது. உடனே ரத்த வாயுப் பரிசோதனைக்கான சிரிஞ்சில் மெதுவாக ரத்தம் இழுத்து, கையிலேயே கொண்டுபோய் ஐந்து நிமிடத்தில் அளந்தார்கள். பொட்டாசியம் 4.4.

லட்சக்கணக்கில் இருக்கும் இந்த வெள்ளணுக்கள் முட்டை ஓடு மாதிரி. வெற்றிடக் குழாயின் இழுவையிலும், மாதிரியைக் கொண்டுபோகும் காற்றுக்குழாயின் குலுக்கலிலும் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் குழாய்க்குள் கொட்டிவிடுகின்றன. நோயாளியின் உடலில் அது ஏறவே இல்லை. இன்சுலின் போட்டிருந்தால், 4.4 தேவைக்கும் கீழே இறங்கி, ஏற்கெனவே தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தில் உயிராபத்து வந்திருக்கலாம். அன்றைய தவணை தாமதமின்றிக் கொடுக்கப்பட்டது. "பொட்டாசியம்: வாயு சிரிஞ்சில் மட்டும், கையில் கொண்டுபோகவும்" என்று சிவப்பு மையில் கேஸ் ஷீட்டில் எழுதி ஒட்டப்பட்டது.

அளவு ஏறியதும் எண்ணிக்கை இறங்கியதும்

| தவணைக்கு முன் | அதுவரை சேர்ந்த அளவு (கிரே) | வெள்ளணுக்கள் | தட்டணுக்கள் |
|---|---|---|---|
| 1 (திங்கள்) | 0 | 1,84,000 | 41,000 |
| 3 (வெள்ளி) | 0.5 | 1,61,000 | 43,000 |
| 4 (திங்கள்) | 1.0 | 1,18,000 | 44,000 |
| 6 (வெள்ளி) | 2.0 | 74,000 | 40,000 |
| 7 (திங்கள்) | 2.5 | 46,000 | 38,000 |
| 8 (புதன்) | 3.0 | 31,000 | 34,000 |

இரண்டாம் வாரத்தின் நடுவில் மண்ணீரல் இளகியதைக் கை உணர்ந்தது. கல் போல இருந்த விளிம்பு தோல்பந்து போல அழுந்தியது. மூன்றாம் வாரத் தொடக்கத்தில் நுனி 19-லிருந்து 13 செ.மீ.க்கு ஏறியிருந்தது. மறுபடி சி.டி. எடுத்துப் புலத்தின் கீழ்விளிம்பு 5 செ.மீ. மேலே இழுக்கப்பட்டது. இதைச் செய்யாவிட்டால் சுருங்கிய மண்ணீரல் விட்டுப்போன இடத்தில் குடல் வந்து விழுந்து கதிர் வாங்கும். தோலில் வைத்த புள்ளிகளையும் நம்பக் கூடாது. வயிறு தளரும்போது தோல் தனியாக நகர்கிறது, கீழ்ப்புள்ளி இரண்டு விரற்கடை கீழே சரிந்திருந்தது.

வெள்ளணுக்கள் இறங்குவதைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி. தட்டணுக்கள் 44,000-லிருந்து தவணைக்குத் தவணை நழுவிக்கொண்டிருந்ததை யாரும் ஒரு சரிவாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக 30,000-க்கு மேல் இருந்ததால் விதி மீறப்படவில்லை. எண்ணைப் பார்த்தவர்கள் திசையைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை

அன்று காலை ரத்தம் எடுக்கப்பட்டது. எண்ணிக்கைக் கருவி பழுதாகி அறிக்கை தாமதமானது. நோயாளிக்கு நேரம் காலை 11 மணி. அவர் இயந்திர அறை வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருந்தார், பின்னால் வரிசை இருந்தது. புதன்கிழமை எண்ணான 34,000-ஐ வைத்து ஒன்பதாவது தவணை கொடுக்கப்பட்டது. மாலை 4 மணிக்கு வந்த அறிக்கை: வெள்ளணுக்கள் 22,000, தட்டணுக்கள் 27,000.

விதிப்படி அந்தத் தவணை கொடுத்திருக்கக் கூடாது. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த 0.5 கிரேயே காரணம் என்று சொல்லிவிட முடியாது, இறக்கம் முன்பே தொடங்கிவிட்டது. ஆனாலும் பாதுகாப்புக்கென்று எழுதிய ஒரே விதி, அது தேவைப்பட்ட அன்று வேலை செய்யவில்லை. விதி தாளில் இருந்தது, இயந்திரத்தை இயக்கியவரின் திரையில் இல்லை. மாலையே நோயாளியிடமும் மகனிடமும் நடந்தது சொல்லப்பட்டது.

திங்கள்கிழமை வெள்ளணுக்கள் 12,400, தட்டணுக்கள் 21,000, நியூட்ரோஃபில் 700. ஒன்பது தவணை, 4 கிரேயோடு சிகிச்சை நிறுத்தப்பட்டது.

நிறுத்திய பிறகு

கதிரை நிறுத்தினால் இறக்கமும் நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடைசித் தவணைக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரம் எண்ணிக்கை இறங்கும். இவருக்கு ஒன்பதாம் நாள் 101.5 டிகிரி காய்ச்சல் வந்தது. ரத்தக் கல்ச்சர் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பைப்பரசில்லின்-டாசோபாக்டம் என்ற கிருமிக்கொல்லி மருந்து தொடங்கப்பட்டது. பத்தாம் நாள் தட்டணுக்கள் 14,000, நியூட்ரோஃபில் 500. மூக்கில் லேசான கசிவு இருந்ததால் ஒரு முறை தட்டணு ஏற்றப்பட்டது. எண்ணிக்கை 3,000 மட்டுமே உயர்ந்தது. ஏற்றியதையும் மண்ணீரல் பிடித்துக்கொள்கிறது. எண்ணை உயர்த்துவதற்காக மட்டும் மீண்டும் மீண்டும் ஏற்றவில்லை. கல்ச்சரில் கிருமி வளரவில்லை, காய்ச்சல் நான்கு நாளில் விட்டது.

நான்காம் வார முடிவில் தட்டணுக்கள் 58,000. எட்டாம் வாரம் 87,000, ஹீமோகுளோபின் 9.6. மண்ணீரல் விலா விளிம்புக்குக் கீழே 6 செ.மீ. தட்டணுக்கள் 50,000-க்கு மேல் நிலைத்ததால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை இதய மருத்துவர் மீண்டும் தொடங்கினார். மனைவி கொடுத்த கணக்கில் ஐந்து இட்லி, எடை 51 கிலோ. கொடிக்காலுக்கு நடந்து போய்வந்தார். சிகிச்சை எதற்காகத் தொடங்கப்பட்டதோ அது ஐந்து மாதம் கிடைத்தது.

ஆறாம் மாதம்: இரண்டாவது சுற்று

ஆறாம் மாதம் மண்ணீரல் மறுபடி 15 செ.மீ. தட்டணுக்கள் 33,000. இம்முறை 0.25 கிரே மட்டும், வாரம் இரண்டு தவணை. எட்டு தவணையில் 2 கிரே சேர்ந்தபோது தட்டணுக்கள் 18,000-க்கு இறங்கின. மண்ணீரல் 3 செ.மீ. மட்டுமே சுருங்கியது. சேதமான டி.என்.ஏ.வைக் கண்டு செல் தன்னை மாய்த்துக்கொள்ள உதவும் டிபி53 மரபணு இருப்பது இழந்துபோன அந்த 17-ஆம் குரோமோசோம் பகுதியில்தான். முதல் சுற்றில் எளிதில் மடிந்தவை போக எதிர்ப்புள்ள செல்கள் மிஞ்சியிருக்கலாம். நோயாளி இனி வேண்டாம் என்றார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியர் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. எட்டாம் மாதம் நிமோனியாவில் வீட்டிலேயே இறந்தார்.

இனி மாற்றிச் செய்வது

தவணை விதி இப்போது தாளில் மட்டும் இல்லை. மண்ணீரல் சிகிச்சைக்கு வருபவரின் பெயரில் இயந்திரத்தின் பதிவு மென்பொருளில் ஒரு பூட்டு போடப்படுகிறது. அன்றைய தேதியிட்ட தட்டணு எண்ணிக்கையை மருத்துவர் உள்ளிட்டால்தான் தவணை திறக்கும். ரத்தம் காலை 6.30-க்கு எடுக்கப்படுகிறது, சிகிச்சை நேரம் பிற்பகலுக்கு மாற்றப்பட்டுள்ளது. அறிக்கை வராவிட்டால் அன்று தவணை கிடையாது. ஒரு நாள் தள்ளிப்போவதால் இந்தச் சிகிச்சையில் எந்த நட்டமும் இல்லை.

விதியில் இன்னொரு வரி சேர்ந்தது: எண் எவ்வளவு இருந்தாலும், சிகிச்சையின்போது எட்டிய உச்சத்திலிருந்து தட்டணுக்கள் கால் பங்குக்கு மேல் குறைந்தால் ஒரு வாரம் இடைவெளி. இவர் கணக்கில் உச்சம் 44,000, கால் பங்கு போனால் 33,000. புதன்கிழமை 34,000 என்பது அந்தக் கோட்டின் விளிம்பு. வெள்ளிக்கிழமை 27,000 கோட்டுக்கு வெகு கீழே.

மஜ்ஜையில் பாதிக்கு மேல் நோய் உள்ளவர்களுக்கு 0.25 கிரேயைத் தாண்ட அவசரப்படுவதில்லை. மூன்றாம் தவணையிலேயே 0.5-க்குப் போனது சீக்கிரம் என்றே இப்போது தோன்றுகிறது. வெள்ளணுக்கள் பாதியாகக் குறைந்ததும் அங்கேயே நிறுத்திப் பத்து நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாம். சுருக்கம் எப்படியும் தொடரும். இவரது மண்ணீரலின் பெரும்பங்கு சுருக்கம் கடைசித் தவணைக்குப் பிறகு வந்ததுதான்.

நிமோகாக்கல் தடுப்பூசி இவருக்கு சி.டி. எடுத்த அன்றுதான் போடப்பட்டது. சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். இப்போது மண்ணீரல் பெரிதாக உள்ள ஒவ்வொருவருக்கும் முதல் வருகையிலேயே, சிகிச்சை என்னவென்று முடிவாகும் முன்பே, அது போடப்படுகிறது.